அக்காவிடம் இருந்த எண்

சின்னவளின் கைபேசிக்கு ஒரு பூட்டு இருந்தது. அதன் சாவி அக்காவிடம் இருந்தது.

சாவி என்றால் ஆறு இலக்க எண். சூதாட்டத் தளம் எதையும் திறக்க விடாமல் தடுக்கிற செயலி அது. சூதாட்டத்தை விடுவதற்காக அவள் போன கிளினிக்கில்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் போடாமல் செயலியை நிறுத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது. அதைச் சூதாடியவர் போடக்கூடாது, அவருக்கு நம்பிக்கையான ஒருவர் போட வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை அதே ஒருவர் வந்து மறுபடி போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டு தானாகக் கழன்றுகொள்ளும்.

சின்னவளுக்கு வயது முப்பத்தொன்று. அக்காவுக்கு முப்பத்தெட்டு. தொண்ணூறாவது நாள் நெருங்கும்போது அக்கா இரண்டு பஸ் மாறி அவளுடைய ஒற்றை அறைக்கு வருவாள். செருப்பைக் கழற்றிய கையோடு, "போனைக் கொடு, திரும்பிக்கோ" என்பாள். சின்னவள் கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். முதுகுக்குப் பின்னால் ஆறு சின்னச் சத்தம் கேட்கும். டிக், டிக் என்று அக்காவின் நகம் கண்ணாடியில் படும். ஒருத்தி தனக்காக ஆறு எண்ணை மனசில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் நடக்கிறாள் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அத்தாட்சி. அடுத்த தொண்ணூறு நாளைக்கு அது அவளுக்குப் போதும்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. முன்பக்கம் வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் இவள், வட்டமாக வரும் லென்ஸைச் சட்டத்தின் வடிவத்துக்கு அரைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு கருவிழிக்கும் நடுவில் உள்ள தூரம் சீட்டில் எழுதி வரும். அதன்படி லென்ஸில் மையப்புள்ளி வைத்து இயந்திரத்தில் மாட்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் போட்டுக்கொள்பவருக்கு ஒரே வாரத்தில் தலைவலி வந்துவிடும். அவளுக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தவறாது.

மனிதர்களிடம்தான் அவளுக்கு அளவு பிடிபடவில்லை. ஒருவரைப் பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள். அவர் ஒரு நாள் கொட்டாவி விட்டபடி பேசினால் போதும், இறக்கிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். நடுவில் ஒரு படியே கிடையாது. அது தவிர, சோதித்துப் பார்க்காமல் யாரையும் நம்ப அவளால் முடியாது. அக்கா கூப்பிட்டால் வேண்டுமென்றே எடுக்க மாட்டாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, நான்காம் முறையும் எடுக்க மாட்டாள். ஐந்தாவது அழைப்பு வந்தால்தான் மனசு ஆறும். "குளிச்சிட்டு இருந்தேன்க்கா" என்பாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைடி குளிப்ப, உனக்கென்ன மீன் ராசியா?" என்று அக்கா கேட்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் இருந்தார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். இரண்டு வருடம் நல்லபடியாகப் போனது. ஒரு நாள் ஏதோ ஒரு அற்பக் கோபத்தில், "இனிமே இங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வருவார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். அவர் வரவில்லை. சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற மனிதராக இருந்தது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

அந்த மாதம்தான் சூதாட்டச் சக்கரம் நேரலையாக அவள் கைபேசிக்குள் வந்தது. எங்கேயோ ஒரு கூடத்தில் பச்சைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி நிஜமாகவே நின்று, நிஜச் சக்கரத்தைச் சுற்றி, நிஜக் குண்டை உருட்டிவிடுவாள். உள்ளே நுழைகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சின்னவள் வைத்துக்கொண்ட பெயர் குருவி. "வாங்க குருவி, நல்லா இருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, அன்று முழுக்க அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. குண்டு எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்ட வேண்டும். அது ஓடி அடங்க நாற்பது வினாடி ஆகும். முதல் ஒரு வருடம் சம்பளம் போனது, அப்புறம் சேமிப்பு போனது, கடைசியில் அக்காவின் கல்யாண வளையலும் போனது. அதை அக்கா ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சின்னவள் கொஞ்சம் மறந்திருப்பாள்.

கிளினிக்கில் ஆலோசகர் அம்மா மூன்று வாரம் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, நான்காம் வாரம் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஆளுமைக் கோளாறு.

"ஆளுமைன்னா நான்தானே?" என்றாள் சின்னவள். "அப்போ நானே கோளாறுங்கறீங்க."

"அப்படி இல்லம்மா. மத்தவங்க விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயம் உங்களுக்கு எல்லாரையும்விட சத்தமாக் கேக்குது. அவ்வளவுதான். இங்க சூதாட்டத்துக்காக வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அடியில இப்படி ஏதோ ஒண்ணு இருக்கு. நீங்க பணத்துக்காகப் போனதாத் தெரியலை. பதிலுக்காகப் போயிருக்கீங்க."

"என்ன பதில்?"

"மனுஷங்க இருப்பாங்களா போவாங்களான்னு தெரிஞ்சுக்க வருஷக்கணக்கா ஆகும். சக்கரம் நாற்பது செகண்ட்ல சொல்லிடுது இல்லையா?"

சின்னவள் அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆலோசகரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்ததும் இறக்கிவிட்டாள். ஆனாலும் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பூட்டு போட்டு ஒன்பது மாதம் ஆகப் போகிறது. அந்த ஒன்பது மாதத்தில் அவள் ஒரு முறைகூட ஆடவில்லை.

வியாழக்கிழமை அக்கா கூப்பிட்டாள். அதிசயமாக முதல் மணியிலேயே சின்னவள் எடுத்துவிட்டாள்.

"உங்க மாமாவுக்கு வேலை மாத்தலாயிடுச்சுடி. திங்கக்கிழமை லாரி வருது. ரயில்ல பத்து மணி நேரம். ஞாயித்துக்கிழமை வந்து உனக்குப் பூட்டைப் போட்டுட்டுப் போறேன். அதுக்கப்புறம் கிளினிக்லயே யார்கிட்டயாவது அந்த நம்பரை ஒப்படைச்சுடலாமான்னு கேக்கணும். என்னால மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர முடியுமான்னு தெரியலை."

"அதுக்கென்னக்கா, பார்த்துக்கலாம்" என்றாள் சின்னவள். குரல் தேனாக வந்தது. பேசி முடித்துப் போய் ஒரு லென்ஸை அரைத்தாள். சட்டத்தில் வைத்தபோது அது பொத்தென்று கீழே விழுந்தது. அளவுக்கு மேல் அரைத்திருந்தாள்.

வெள்ளியும் சனியும் அவள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அந்த எண்ணைத் தன்னிடமே கொடுக்கும்படி அக்காவிடம் கேட்பாள். அக்கா கத்துவாள். "பல்லைத் தட்டிடுவேன், உன்கிட்ட கொடுக்கவா ஒன்பது மாசம் காப்பாத்தினேன்?" என்பாள். சின்னவள் அடம் பிடிப்பாள். அக்கா அழுவாள். இப்படி ஒருத்தியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மாமாவிடம் பேசுவாள். லாரி திரும்பிப் போகும். அது நடக்காது என்பது அவளுக்கே தெரியும். ஆனால் கத்தலாவது கேட்கும் அல்லவா? அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு 'மாட்டேன்' மட்டும்தான்.

ஞாயிறு மதியம் அக்கா வந்தாள். முழங்கையில் பெட்டி ஒட்டுகிற டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கே தெரியவில்லை.

"பாதி வீட்டைக் கட்டியாச்சு. பெட்டி மேல உள்ளே என்ன இருக்குன்னு எழுதுங்கன்னா உங்க மாமா எல்லாத்துலயும் 'சாமான்'னு எழுதி வச்சிருக்கார். அங்க போய் ஒரு கரண்டி வேணும்னா இருபத்தாறு பெட்டியையும் திறக்கணும்." சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "போனைக் கொடு, திரும்பிக்கோ."

சின்னவள் திரும்பவில்லை. "அக்கா, அந்த நம்பரை என்கிட்டயே கொடுத்துடு."

அக்கா கையை மடக்கிக்கொண்டாள். "என்ன சொன்ன?"

"ஒன்பது மாசம் ஆச்சு. இனிமே என்னால முடியும். நானே வச்சுக்கறேன்."

அக்கா அவளையே பார்த்தாள். சின்னவள் கத்தலுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கத்தல் வரவில்லை. அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூட்டை தூக்கி வந்தவர் அதை இறக்கி வைத்ததும் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான்."

"மூணு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலைடி. நான் போயிட்டா இவ என்ன ஆவாளோன்னு. நீயா இப்படிக் கேப்பன்னு நான் கனவுலகூட நினைக்கலை." அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "என் தங்கம். தேறிட்டடி நீ."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'வேண்டாம்க்கா, நீயே வச்சுக்கோ' என்றால் தீர்ந்தது. ஆனால் சின்னவளின் வாய் திறக்கவில்லை. கேட்டு வாங்கிய 'மாட்டேன்' எதற்கு உதவும்? அது அக்காவிடமிருந்து தானாக வந்திருக்க வேண்டும். கேட்டு வாங்கினால் அது செல்லாது என்பது யாரும் அவளுக்குச் சொல்லித் தராத, அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

இந்த முறை அக்கா அவளைத் திரும்பச் சொல்லவில்லை. அவள் பார்க்கப் பார்க்க ஆறு எண்ணையும் போட்டுப் பூட்டைப் புதுப்பித்தாள். பைக்குள் கிடந்த ஒரு பெட்டிச் சீட்டின் பின்புறம் அதை எழுதியும் கொடுத்தாள். கட்டிக்கொண்டாள். படியிறங்கிப் போனாள். ஜன்னல் வழியே சின்னவள் பார்த்தாள். அக்காவின் நடையே மாறியிருந்தது. பஸ் வருவதற்காகக் காத்திருந்தபோது யாருக்கோ போன் செய்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மாமாவிடம்தான் சொல்லியிருப்பாள்.

சீட்டைக் கிழித்துப் போட்டும் பிரயோசனமில்லை. ஒரு முறை பார்த்தால் எண் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும், தொழில் அப்படி. அன்று மாலை முழுவதும் அந்த ஆறு எண்ணையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தன் பிறந்தநாள் இல்லை. அக்காவுடையதும் இல்லை, அக்கா பிள்ளைகளுடையதும் இல்லை. பழைய வீட்டு எண்ணோ, போன் எண்ணோ எதுவும் இல்லை. எதிலும் சேராத வெறும் எண். இவள் ஊகித்துவிடக் கூடாது என்று அர்த்தமே இல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ஒன்பது மாதம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். இதை யோசித்தபோது சின்னவளுக்கு அறையில் இருக்க முடியவில்லை. வெளியே போய்த் தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். சுற்றி வந்த பிறகும் அறையில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவள் சரக்கு வைக்கும் சிற்றறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் கூரை வரை சட்டப் பெட்டிகள். செயலியைத் திறந்து ஐந்து எண்ணைப் போட்டாள். ஆறாவதற்கு விரல் போகும்போது மணி பன்னிரண்டு நாற்பது.

ஒரு மணிக்குள் அக்கா கூப்பிட்டால் போட மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூப்பிடாவிட்டால் போடுவேன்.

நாற்பத்தைந்து. ஐம்பது. நெஞ்சு ஒரு மாதிரி தட்டியது. அந்தத் தட்டல் அவளுக்குப் பழக்கமானது. எங்கே கேட்டோம் என்று யோசித்தாள். குண்டு ஓடத் தொடங்கி இன்னும் விழாமல் இருக்கிற நேரத்தில் கேட்கிற தட்டல் அது. அதே வாய் உலர்தல், அதே சின்ன இனிப்பு. பூட்டு இன்னும் திறக்கவே இல்லை, ஆனால் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டைக் கட்டி லாரிக்குக் காத்திருக்கிற ஒருத்தியைச் சக்கரமாக்கி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

ஐந்து எண்ணையும் அழித்தாள். அக்காவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுடி. சீக்கிரம் சொல்லு, பீரோ இறங்கிட்டிருக்கு. அண்ணே, அதைச் சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க!"

"அக்கா, நேத்து நீ மாட்டேன்னு சொல்வேன்னு நினைச்சுத்தான் கேட்டேன்."

"எதை?"

"நம்பரை. எனக்கு அது வேண்டாம். நீ கொடுக்க மாட்டேன்னு சொல்றியான்னு பார்த்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ மரம் சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைச் சோதிச்சியா?"

"ஆமாக்கா."

"நேத்து பஸ்ல நான் பாட்டு முணுமுணுத்துட்டே போனேன், தெரியுமா? பக்கத்துல இருந்தவ என்னை ஒரு மாதிரி பார்த்தா." அக்காவின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு நான் மாட்டேன்னு சொன்னாத்தான் பாசம், சரின்னு சொன்னா விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம். இதெல்லாம் எனக்கு எப்படிடி தெரியும்? எனக்கு மூச்சு வாங்குது."

"இப்போ கையில இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியலை."

"ஆடிட்டியா?"

"இல்ல."

அக்கா பெருமூச்சு விட்டது கேட்டது. "இனிமே அந்த நம்பர் என்கிட்ட வேண்டாம். கோபத்துல சொல்லலை. பத்து மணி நேரத் தூரத்துல உக்கார்ந்துட்டு என்னால அதைக் காவல் காக்க முடியாது. பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ. தலையைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொல்லு." யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். "வரேன், வரேன்! நான் வைக்கறேன்டி. சாயங்காலம் பேசறேன்... இல்ல, சொல்ல மாட்டேன். சொன்னா நீ கடிகாரத்தைப் பார்த்துட்டு உக்கார்ந்திருப்ப. முடிஞ்சப்போ பேசறேன்."

இணைப்பு அறுந்தது. சின்னவள் கதவைத் திறந்தாள்.

பின்னறையில் திருகாணி அண்ணன் இருந்தார். அரைத்த லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. எந்நேரமும் உதட்டு நுனியில் இரண்டு திருகாணியைக் கவ்வியிருப்பதால் கடையில் அவருக்கு அந்தப் பெயர். நாற்பது வயது, மூன்று பெண் பிள்ளைகள், எப்போது பார்த்தாலும் வாயுத் தொல்லை. மூன்று வருடமாக அவளுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவரை அவள் தலையில் தூக்கி வைத்ததும் இல்லை, இறக்கியதும் இல்லை, ஒரு முறைகூடச் சோதித்துப் பார்த்ததும் இல்லை. விட்டுப் போகக்கூடியவர்கள் பட்டியலிலேயே அவர் இல்லை.

"அண்ணே, என் போன்ல ஒரு ஆறு நம்பர் போடணும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர்."

"எதுக்கும்மா? பேங்க்ல நீ பணம் வச்சிருக்கியா என்ன?" திருகாணிகளுக்கு நடுவிலிருந்து பேச்சு வந்தது.

"நான் சூதாடுவேன். ஆடாம இருக்கறதுக்காகப் பூட்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியத்தில் வாய் திறந்தது. திருகாணி ஒன்று விழுந்தது.

"அடடா. நகராதே! உன் காலடியிலதான் எங்கியோ விழுந்திருக்கு. ரிம்லெஸ் கண்ணாடியோட திருகாணி, வேற கிடையாது. அந்த வக்கீல் மூணு மணிக்கு வந்து நிப்பாரு."

சிற்றறையை விட்டு வரும்போதே சின்னவள் பழைய எண்ணைப் போட்டிருந்தாள். பழையதைப் போட்டுத் திறந்தால்தான் புதியதைப் போட முடியும். பூட்டு திறந்து கிடந்தது. அவர் தரையில் மண்டியிட்டு, காந்தத் துண்டு ஒன்றை அவள் செருப்பைச் சுற்றி மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் அசையாமல் நின்றாள். திரையில் கீழே ஓரமாக, ஒன்பது மாதமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்த சக்கரத் தளத்தின் சின்னப் படம் பச்சையாகிவிட்டிருந்தது. ஒரு தொடுதல் போதும். வாங்க குருவி என்று கேட்கும்.

"அண்ணே, சீக்கிரம்."

"நீ மூச்சு விடாதே, விட்டா அது பறந்துடும்."

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். எண்ண ஆரம்பித்தாள். நாற்பது வந்தது, போனது. எண்பது வந்தது. அவர் மேஜைக்கு அடியில் போனார், முனகினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார், திரும்பி வந்தார். நூற்றைம்பதுக்கு மேல் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"இந்தா இருக்கான் படவா!" காந்தத்தின் நுனியில் கடுகளவு ஒன்று மின்னியது. அதைப் பத்திரமாகக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பரீட்சையில் விடையை மறைக்கிற பிள்ளை மாதிரி இடக்கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் குத்தினார். மறுபடி போடச் சொன்னதும் மறுபடி போட்டார். படம் சாம்பலானது.

"எழுதி வச்சுக்கவா? எனக்கு மறதி ஜாஸ்தி."

"வேண்டாம்ணே. தொண்ணூறு நாள்ல அது தானாக் கழண்டுடும். அப்போ நான் மறுபடி வந்து கேப்பேன், புதுசா ஒண்ணு போடுங்க."

"நடுவுல வந்து நம்பர் என்னன்னு கேட்டா?"

அவள் யோசித்தாள். "கேக்க மாட்டேன்னு சொல்ல முடியலை."

"கேட்டுக்கோ. எனக்கு இப்பவே முதல் ரெண்டுதான் ஞாபகம் இருக்கு." அவர் உட்கார்ந்து திருகாணியை எடுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: "நிறைய போச்சா?"

"போச்சு."

"ம்" என்றார். திருகாணியை முடுக்க ஆரம்பித்தார்.

ஆறரைக்கு அவள் அறைக்கு வந்தாள். அக்கா கூப்பிட்டிருக்கவில்லை. 'பூட்டியாச்சு. கடையில ஒரு அண்ணன் போட்டுக் கொடுத்தார். நீ வச்சிருந்த நம்பரை மறந்துடலாம்' என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது. பதில் வரவில்லை. கோபம், வெறுத்துவிட்டாள், இனிமேல் பேசவே மாட்டாள் என்று வழக்கமான மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்குப் பின்னால் இடம் கிடைக்காமல் நின்ற மாதிரி இன்னொன்றும் வந்தது. 'சாமான்' என்று எழுதிய இருபத்தாறு பெட்டிகளுக்கு நடுவே அக்காவுக்குத் தன் போனே எந்தப் பெட்டியில் போனது என்று தெரியாமல் இருக்கலாம்.

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் அதைத் துரத்தவும் இல்லை. தட்டை எடுத்து வைத்துத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.